கடைசி ஸ்க்ரூ எங்கே பிடிக்கும்?

நிமிர்ந்து நிற்கும் ஒருவரைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். தலை, கைகள், நெஞ்சு, வயிறு என அத்தனை பளுவையும் சுமந்து இறங்கும் முதுகெலும்பு கடைசியில் உட்காரும் இடம் மட்டமாக இல்லை. ஐந்தாவது நாரி முள்ளெலும்பை டாக்டர்கள் எல்5 என்பார்கள். அது திருவெலும்பின் உச்சியான எஸ்1 மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த உச்சி முன்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. சரிவு ஆளுக்கு ஆள் மாறும். சுமார் 40 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கூட இயற்பியலை எடுத்துக்கொண்டால், 40 டிகிரி சரிவில் உட்கார்ந்த பொருளின் எடையில் 64 விழுக்காடு அதைச் சரிவோடு இழுக்கும். இடுப்புக்கு மேலே 40 கிலோ இருக்கிறது என்றால், சும்மா நிற்கும்போதே ஏறக்குறைய 26 கிலோ எல்5-க்கும் எஸ்1-க்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் அந்த ஒரு வட்டை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது. குனிந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும். இத்தனைக்கும் நம்மில் பெரும்பாலோருக்கு எல்5 நழுவுவதில்லை. பின்பக்கம் இருக்கும் சிறு மூட்டுகள் கொக்கிபோட்டுப் பிடிக்கின்றன. நடுவிலுள்ள வட்டு பிடிக்கிறது. எல்5-இன் இரண்டு பக்கத்திலிருந்தும் இடுப்பெலும்புக்குப் போகும் தடித்த தசைநார்கள் கட்டி வைக்கின்றன. எலும்பைவிட இந்தத் தசைநார்கள்தான் அந்த இடத்தின் காவல்காரர்கள் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. முதுகு பக்கவாட்டில் வளைந்து இடுப்பே ஒருபக்கம் ஏறிப்போகும் பிள்ளைகள், முதுமையில் முன்னால் கூனிப்போய் நடக்க முடியாதவர்கள், உயரத்திலிருந்து விழுந்து திருவெலும்பு நொறுங்கியவர்கள், முள்ளெலும்பைக் காசநோய் அரித்தவர்கள், கட்டிக்காகத் திருவெலும்பையே வெட்டி எடுத்தவர்கள் எல்லாருக்கும் டாக்டர் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றுதான். முதுகை நிமிர்த்திக் கட்ட, மேலே முள்ளெலும்புகளில் ஸ்க்ரூ போடுவது எப்படி என்று தெரியும். அந்த ஸ்க்ரூக்களைச் சேர்த்துப் பிடிக்கும் ராட் எவ்வளவு நீளம் வேண்டும் என்றும் தெரியும். அந்த ராடின் கீழ்முனையை எதில் கட்டுவது?

திருவெலும்பில் கட்டினால் போதாதா என்று தோன்றும். உடற்கூறியல் அறையில் உலர்ந்த திருவெலும்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு இலேசானது என்று தெரியும். பார்க்க அகலமாக, கனமாக இருக்கும். தூக்கினால் கனமே இருக்காது. உள்ளே பெரும்பகுதி பஞ்சுபோன்ற எலும்பு. இரண்டு பக்கமும் இறக்கைபோல் விரியும் பகுதியில், அதிலும் வயதானவர்களுக்கு, எலும்பே இல்லாமல் கொழுப்பு மட்டும் நிறைந்த வெற்றிடங்கள் இருக்கும். மேலே உள்ள நாரி முள்ளெலும்புகளில் பெடிக்கிள் என்கிற குறுகலான எலும்புக் கழுத்து உண்டு. ஸ்க்ரூவை அதற்குள் இறக்கினால் சுற்றிலும் கெட்டியான சுவர் கவ்விக்கொள்ளும். எஸ்1-இல் அந்தக் கழுத்து மிகவும் அகலம். 7 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை இறக்கினாலும் சுவரைத் தொடாமல் நடுவில் மிதக்கும். ஆகவே அதன் முனையை திருவெலும்பின் முன்விளிம்பை நோக்கி நீட்டி, பின்சுவர், மேல்தட்டு, முன்சுவர் மூன்றையும் கவ்வ வைக்கிற முறை வந்தது. பிடிப்பு கணிசமாகக் கூடுகிறது. ஆனால் முன்சுவருக்கு அந்தப்பக்கம் பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இறக்கையின் மேல் எல்5 நரம்பு சாய்ந்து படுத்திருக்கிறது. அரை சென்டிமீட்டர் அதிகம் போய்விட்டால் கால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம்.

முதுகெலும்பைக் கட்டுவதன் நவீன வரலாற்றில் ஒரு பெரும்பகுதி மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றியே நடந்திருக்கிறது என்பது என்னை எப்போதும் ஈர்க்கும் ஒரு தற்செயல். ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்கு வழி தேடினார். முதலில் சிறு மூட்டுகளில் ஸ்க்ரூ போட்டுப் பார்த்தார். நிற்கவில்லை. பிறகு மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, இரண்டுக்கும் நடுவே ஒரு எஃகு ராட் என்று வடிவமைத்து, ஜாக்கி வைத்து உயர்த்துவதுபோல் முதுகை நிமிர்த்தி, 1962-இல் வெளியிட்டார். உலகமே எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த ராட் நேர்க்கோடாக இருந்தது. மனித இடுப்போ உள்வாங்கி வளைந்தது. கொக்கி திருவெலும்புவரை போன நோயாளிகளுக்கு இடுப்பின் இயல்பான வளைவு போய்த் தட்டையாகிவிட்டது. வருடங்கள் போகப்போக அவர்கள் முன்னால் சாய்ந்து, முழங்காலை மடக்கிக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. ஒரு நோயைத் தீர்க்கப் போய் இன்னொன்றை உண்டாக்கிய கதைகளில் இதுவும் ஒன்று. பின்னால் வந்த முறைகள் பலவும் இதற்குப் பதில் சொல்லும் முயற்சிகளே.

மெக்சிகோ நகரத்தில் எட்வர்டோ லூக்கேயின் பிரச்சினை வேறு. அவரிடம் வந்தவர்களில் பலர் ஏழைகள், தொலைவிலிருந்து வந்தவர்கள். அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு அந்த வெக்கையில் கிடக்கச் சொன்னால் நடக்காது. ஆகவே கட்டே தேவைப்படாத அளவுக்கு உள்ளே உறுதியாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்வளைவுக்கு அடியிலும் கம்பியை நுழைத்து இழுத்து ராடோடு முறுக்கினார். இரண்டு கொக்கி தாங்கிய பளுவை இருபது முப்பது கம்பிகள் பங்கு போட்டுக்கொண்டன. 1970-களில் பிறந்த இந்த யோசனை இன்றைய எல்லா முறைகளுக்கும் அடிப்படை. வறுமை கற்பித்த பொறியியல் என்று இதைச் சொல்வதில் தப்பில்லை.

லூக்கேயின் ராட் கீழே எங்கே முடிவது என்பதற்கு விடை, ஹூஸ்டனிலிருந்து ஒருமணி நேரத் தொலைவில் உள்ள கால்வெஸ்டன் என்ற தீவு நகரத்திலிருந்து வந்தது. அங்கிருந்த டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆலன், ஃபெர்குசன் என்ற இருவர், மூளைவாதம் உள்ள பிள்ளைகளுக்கு அறுவை செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முதுகு வளைவோடு இடுப்பும் சாய்ந்து, சக்கர நாற்காலியில் ஒரு பிட்டத்தின் மேல் மட்டும் உட்கார்ந்து, அங்கே புண் வந்துவிடும். இடுப்பையே நேராக்காமல் அவர்களை உட்கார வைக்க முடியாது. 1980-களின் தொடக்கத்தில் இவர்கள் ராடின் கீழ்முனையை வளைத்து, திருவெலும்பைத் தாண்டி, பக்கவாட்டில் இடுப்பெலும்புத் தட்டுக்குள் செருகினார்கள். இலியம் என்கிற அந்தத் தட்டு வெளிச்சுவர், உள்சுவர் என்று இரண்டு கெட்டியான ஏடுகளாலானது. நடுவே பஞ்செலும்பு. பின்விளிம்பின் முனையிலிருந்து முன்விளிம்பின் கீழ்முனைவரை, இரண்டு ஏடுகளுக்கும் இடையே நேரான ஒரு தாழ்வாரம் ஓடுகிறது. உடம்பிலேயே ஸ்க்ரூவுக்குக் கிடைக்கும் மிக நீளமான வழிகளில் அது ஒன்று.

கால்வெஸ்டன் ராடை வளைப்பது ஒரு கலை. மூன்று திசைகளில் மூன்று மடிப்பு போட வேண்டும். ஒன்று தப்பினாலும் மறுமுனை முதுகெலும்பில் பொருந்தாது. ராட் வழுவழுப்பானது, மரை கிடையாது. பிள்ளை உட்கார்ந்து எழும்போதெல்லாம் அது உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக ஆடும். சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்க வேண்டுமென்றால் நேராக இழுக்கமாட்டோம், இப்படியும் அப்படியும் ஆட்டுவோம். எலும்புக்குள் போன உலோகமும் பெரும்பாலும் அப்படித்தான் தளர்கிறது. எக்ஸ்ரேயில் அதைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். அது தெரிந்தால் எலும்பு அரிபட ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

அப்படியானால் ஆட்டத்தைக் குறைக்க எங்கே பிடிக்க வேண்டும்? 1992-இல் மெக்கார்ட் என்பவரும் குழுவினரும் ஆய்வகத்தில் பலவகைக் கட்டுகளை எலும்பு மாதிரிகளில் போட்டு, உடையும்வரை வளைத்துப் பார்த்தார்கள். அவர்கள் சொன்ன விடை எளிமையானது. எல்5-எஸ்1 வட்டின் பின்விளிம்பில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். மனிதன் முன்னால் குனியும்போது மேல்பாதி உடம்பு அந்தப் புள்ளியை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. ஸ்க்ரூவின் முனை அந்தப் புள்ளிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால், குனியும்போது அது உருவப்படும். அச்சைத் தாண்டி முன்னால் போய்விட்டால், அதே குனிவு அதை எலும்போடு அழுத்தும். எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு நல்லது. திருவெலும்புக்குள் இறங்கும் ஸ்க்ரூ அவ்வளவு முன்னால் போக முடியாது. போனால் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும். இலியத்தின் தாழ்வாரத்திலோ 8, 9 சென்டிமீட்டர் நீள ஸ்க்ரூவைத் தாராளமாக அனுப்பலாம், அச்சுக்கு வெகுதூரம் முன்னால். கால்வெஸ்டன்காரர்கள் உள்ளுணர்வால் பிடித்த இடம் சரியானதுதான் என்பதற்கு இயந்திரவியல் காரணம் பத்தாண்டு கழித்துக் கிடைத்தது.

இதற்கிடையே பெடிக்கிள் ஸ்க்ரூ வந்துவிட்டிருந்தது. பாரிஸில் ரேமோன் ருவா-கமீ 1963-லேயே அதைப் போட ஆரம்பித்திருந்தார். 1980-களில் அதே பிரான்சில் ஈவ் கொத்ரெலும் ஜான் துபுசேயும் கொக்கி, ஸ்க்ரூ இரண்டையும் கலந்து, வளைந்த ராடை உள்ளேயே சுழற்றி முதுகை நிமிர்த்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். துபுசே சொன்ன ஒரு கருத்து இங்கே முக்கியம்: இடுப்பெலும்பு முழுவதையும் முதுகெலும்பின் கடைசி முள்ளெலும்பு என்று பார்க்க வேண்டும். கேட்க ஏதோ உவமைபோல இருக்கும். ஆனால் அறுவை மேசையில் அது நேரடியான கட்டளை. கடைசி முள்ளெலும்பைப் பிடிக்காமல் வளைவை நேராக்கினோம் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் பெடிக்கிள் ஸ்க்ரூக்கள்மேல் 1990-களில் ஆயிரக்கணக்கில் வழக்குகள் குவிந்தன என்பதும், அங்குள்ள மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1998-இல்தான் அவற்றை வகை மாற்றி முறைப்படி ஏற்றது என்பதும் பக்கக் கதை. அதுவரை டாக்டர்கள் அனுமதி பெறாத ஒரு இடத்தில் அவற்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை இன்று கேட்டால் வியப்பாக இருக்கிறது.

மரையுள்ள ஸ்க்ரூவை இலியத்துக்குள் போட ஆரம்பித்ததும் வளைக்கும் தொல்லை தீர்ந்தது. முதலில் ஸ்க்ரூ, பிறகு ஒரு இணைப்புத் துண்டு, அதன்பின் ராட். பருமனான ஸ்க்ரூவும் போடலாம். வளைவைத் தாங்கும் திறன் உள்தண்டின் விட்டத்தின் மும்மடி அளவில் ஏறும் என்பது பொறியாளர்கள் அறிந்த கணக்கு. 6.5 மில்லிமீட்டரிலிருந்து 8.5 மில்லிமீட்டருக்குப் போனால் தாங்கும் திறன் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் இன்னொரு தொல்லை வந்தது. இந்த ஸ்க்ரூ தொடங்கும் இடம் இடுப்பின் பின்பக்கத்தில் இரண்டு குழிகள் தெரியுமே, அங்கே தோலுக்குச் சற்றே அடியில் உள்ள எலும்பு முனை. ஸ்க்ரூவின் தலை அங்கே துருத்திக்கொண்டு நிற்கும். ஒல்லியான ஒரு பிள்ளை நாற்காலியில் சாய்ந்தால் அது உறுத்தும், சில நேரம் தோல் கிழியும். ராடிலிருந்து விலகி வெளியே இருப்பதால் இணைப்புத் துண்டுக்காகத் தசையை அகலமாக அறுக்க வேண்டும். கிருமித் தொற்றுக்கு அது ஒரு வாசல்.

2000-களின் இரண்டாம் பாதியில் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பால் ஸ்பான்செல்லரும் காலித் கெபைஷும் வேறு வாசலைத் திறந்தார்கள். இலியத்தில் ஆரம்பிக்காமல் திருவெலும்பிலேயே ஆரம்பித்து, அதையும் இடுப்பெலும்பையும் சேர்க்கும் மூட்டைக் குறுக்கே துளைத்து, இலியத்தின் அதே தாழ்வாரத்துக்குள் போவது. திருவெலும்பின் இரண்டாம் பகுதியான எஸ்2-இன் இறக்கையிலிருந்து இலியத்துக்குப் போவதால் எஸ்2-ஏஐ ஸ்க்ரூ என்று பெயர். தொடங்கும் புள்ளி பழைய இடத்தைவிட ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஸ்க்ரூத் தலை மேலே உள்ள மற்ற ஸ்க்ரூத் தலைகளோடு ஒரே வரிசையில் வந்துவிடுகிறது. இணைப்புத் துண்டு வேண்டாம். கேட்கும்போது சின்ன மாற்றம். மேசையருகே நின்றால் அதன் அருமை புரியும்.

நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார். மேலே உள்ள ஸ்க்ரூக்கள் எல்லாம் போட்டாகிவிட்டது. திருவெலும்பின் பின்முகத்தில் நரம்பு வெளிவரும் சின்னத் துளைகள் வரிசையாக இருக்கின்றன. எஸ்1 துளைக்கும் எஸ்2 துளைக்கும் நடுவே, கொஞ்சம் வெளிப்பக்கமாக, டாக்டர் கூரிய குத்தூசியால் மேலோட்டைத் துளைக்கிறார். பிறகு கருவியைச் சுமார் 40 டிகிரி வெளிப்பக்கமாகவும் 20-30 டிகிரி கீழாகவும் சாய்க்கிறார். இலக்கு, தொடையின் மேல்முனைக்குச் சற்று மேலே இலியத்தின் முன்விளிம்பில் உள்ள சிறு முனை. ஆழத்தில் இருப்பதை அவர் பார்க்கவில்லை, உணர்கிறார். முதல் மூன்று நான்கு சென்டிமீட்டர் பஞ்செலும்பில் எளிதாகப் போகும். திடீரென்று கெட்டியாகத் தடுக்கும். அதுதான் மூட்டு. அதைத் தாண்டும்போது கையில் ஒரு 'பட்' தெரியும். பிறகு மறுபடி மிருது. இப்போது சி-ஆர்ம் எக்ஸ்ரே இயந்திரத்தை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திருப்பினால், இலியத்தின் தாழ்வாரம் திரையில் கண்ணீர்த்துளி வடிவத்தில் தெரியும். தாழ்வாரத்தை அதன் நீளவாக்கில் எட்டிப் பார்க்கும் காட்சி அது. கருவியின் முனை அந்தத் துளிக்குள் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். கீழே போனால் இடுப்பு நரம்பும் பிட்டத்துக்குப் போகும் தமனியும் வெளிவரும் பெரிய வெட்டுக்குழி. அந்தத் தமனி அறுபட்டால் உள்ளே சுருங்கிப் போய்விடும், கட்டுப்படுத்துவது கொடுமையான வேலை. உள்சுவரைத் துளைத்தால் வயிற்றுக்குழி. இவற்றுக்கெல்லாம் நடுவே, நுனியில் உருண்டை வைத்த மெல்லிய கம்பியால் துளையின் நாலு சுவரையும் அடியையும் தட்டித் தட்டிப் பார்க்கிறார். எல்லாப் பக்கமும் எலும்பு என்றால்தான் ஸ்க்ரூ. 8 அல்லது 9 மில்லிமீட்டர் பருமன், 80 முதல் 100 மில்லிமீட்டர் நீளம்.

ஒரு குறை உண்டு. ஆரோக்கியமான ஒரு மூட்டைக் குறுக்கே துளைக்கிறோம். சடலங்களில் செய்த ஆய்வில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஸ்க்ரூக்கள் மூட்டின் குருத்தெலும்பு வழியாகப் போயிருந்தன. அந்த மூட்டு அதிகபட்சம் இரண்டு மூன்று டிகிரிதான் அசையும். வயதானவர்களுக்கு அதுகூட இருக்காது. அதனால் பெரும்பாலான டாக்டர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. வளரும் பிள்ளைக்கும் இளைஞருக்கும் இதே தாராளம் காட்டலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

விபத்து வேறு உலகம். அங்கே முதுகெலும்பு கோணலாக இருப்பதில்லை, கீழே உள்ள இடுப்பு வளையம் உடைந்திருக்கும். 1988-இல் பிரான்சிஸ் டெனிஸ் 236 திருவெலும்பு முறிவுகளை ஆராய்ந்து மூன்று மண்டலமாகப் பிரித்தார். நரம்புத் துளைகளுக்கு வெளியே முறிந்தவர்களில் 5.9 விழுக்காட்டினருக்கு நரம்புச் சேதம். துளைகள் வழியாகவே முறிந்தால் 28.4. துளைகளுக்கு உட்பக்கம், நடுவில் முறிந்தால் 56.7 விழுக்காடு, அவர்களில் பலருக்குச் சிறுநீர், மலம் கட்டுப்பாடு போய்விடும். உயரத்திலிருந்து குதித்துக் காலில் இறங்குபவர்களுக்கு முறிவு ஆங்கில யூ எழுத்து வடிவில் விழும். முதுகெலும்பும் திருவெலும்பின் மேல்துண்டும் ஒரு பக்கம், இடுப்பு முழுவதும் மறுபக்கம் என்று பிரிந்துவிடும். தற்கொலை முயற்சியில் குதித்தவர்களிடம் இதைக் கண்டு 1985-இல் விவரித்தவர் அதே ருவா-கமீதான். கட்டடச் சாரத்திலிருந்து விழும் தொழிலாளிக்கும் இதே முறிவு வரும். முதல் எக்ஸ்ரேயில் இது எளிதில் தப்பிவிடும். குடல் வாயுவும் இடுப்பின் நிழலும் மறைத்துவிடும். சி.டி. எடுத்தால்தான் பிடிபடும்.

எளிய முறிவுகளுக்கு இடுப்பின் பக்கவாட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீறலில் ஸ்க்ரூ போடலாம். இடுப்பெலும்பு, மூட்டு, திருவெலும்பின் உடல் என்று மூன்றையும் கோர்த்துப் போகும் இந்த ஸ்க்ரூவைத் தோல்வழியே போடும் முறை 1990-களில் பரவலானது. சியாட்டிலில் மில்டன் ரௌட் அதைச் செம்மைப்படுத்தினார். நடுவே ஓட்டை உள்ள 7 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. முதலில் மெல்லிய கம்பியை ஓட்டிப் பார்த்து, அதன்மேல் ஸ்க்ரூவைக் கோர்த்து இறக்குவார்கள். இங்கே டாக்டருக்கு வழிகாட்டுவது மூன்று எக்ஸ்ரே காட்சிகள். மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்து ஒன்று, கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து ஒன்று, நேர் பக்கவாட்டில் ஒன்று. முதல் படம் முன்பின்னைக் காட்டும், இரண்டாவது மேல்கீழை. தட்டையான நிழல்களை மனத்துக்குள் சேர்த்து முப்பரிமாணத்தில் ஒரு பாதையைக் கற்பனை செய்ய வேண்டும். திருவெலும்பு எல்லாருக்கும் ஒரே வடிவம் என்றால் கவலையில்லை. கணிசமானவர்களுக்கு அதன் மேல்பகுதி பிறவியிலேயே வேறு அமைப்பில் இருக்கும். இறக்கை செங்குத்தாகச் சரிந்து எஸ்1 வழி குறுகிப்போயிருக்கும். அவர்களுக்கு வழக்கமான கோணத்தில் ஸ்க்ரூவை அனுப்பினால், திரையில் எலும்புக்குள் இருப்பதாகத் தெரிந்துகொண்டே வெளியே வந்து எல்5 நரம்பைக் குத்தும். இந்த ஒரு காரணத்துக்காகவே அறுவைக்கு முன் சி.டி.யை உட்கார்ந்து படிக்கும் பழக்கம் வேண்டும். கணினி வழிகாட்டலும் ரோபோ கையும் வந்த பிறகும் இது மாறவில்லை. கருவி வழியைக் காட்டும், வழி இருக்கிறதா என்று முடிவு செய்வது ஆள்தான்.

யூ வடிவ முறிவுக்கு இந்த ஒற்றை ஸ்க்ரூ பெரும்பாலும் போதாது. எல்4, எல்5-இல் பெடிக்கிள் ஸ்க்ரூ, இலியத்தில் ஸ்க்ரூ, இரண்டையும் சேர்க்கும் ராட், அதோடு குறுக்கே ஒன்று. ஜெர்மன் மருத்துவர்கள் 1990-களில் இந்த முக்கோணக் கட்டைக் கொண்டுவந்தார்கள். முதுகின் பளு உடைந்த திருவெலும்பைத் தொடாமல் நேரே இடுப்புக்கு இறங்கிவிடும். நோயாளியைச் சில நாட்களில் எழுப்பி நடக்க வைக்கலாம்.

விழாமலேயே திருவெலும்பு முறிகிறவர்களும் உண்டு. எலும்பு மெலிந்த மூதாட்டிகள். இடுப்பு வலிக்கிறது, உட்கார முடியவில்லை என்பார்கள். முதுகு வட்டு விலகியிருக்கும் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. அல்லது போன் ஸ்கேன் எடுத்தால் இரண்டு பக்கமும் நெடுக்கே, நடுவில் குறுக்கே என்று ஆங்கில எச் வடிவில் விரிசல் ஒளிரும். மருத்துவர்கள் விளையாட்டாக அதை ஹோண்டா அடையாளம் என்பார்கள். இவர்களில் சிலருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஊடுருவும் ஒரே நீள ஸ்க்ரூ படுக்கையிலிருந்து எழ உதவுகிறது.

"உள்ளே வைத்த ஸ்க்ரூ எத்தனை வருஷம் தாங்கும்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். எவ்வளவு கெட்டியான உலோகமும் நிரந்தரமாகத் தாங்காது. ராட் 5.5 அல்லது 6 மில்லிமீட்டர் டைட்டானியம், இல்லையென்றால் கோபால்ட் குரோம். ஆய்வகச் சோதனையில் வழக்கமாக 50 இலட்சம் முறை வளைத்துப் பார்ப்பார்கள். பெரிய எண்தான். ஆனால் தினமும் சில ஆயிரம் அடி நடப்பவர் சில வருடத்தில் அதைத் தொட்டுவிடுவார். ராடை மடித்து வளைத்த இடத்தில் விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல், குறிப்பாக டைட்டானியத்தில், அந்த எண்ணை இன்னும் குறைக்கும். உலோகம் தரும் அவகாசத்துக்குள் எல்5-க்கும் எஸ்1-க்கும் நடுவே எலும்பு கூடிவிட வேண்டும். பெரியவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். கூடிவிட்டால் பளு எலும்பு வழியாகப் போகும், ஸ்க்ரூ சும்மா இருக்கும். கூடவில்லை என்றால் ராட் என்றோ ஒரு நாள் உடையும், பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவே. மூன்றாம் வருடத்தில் முறிந்த ராடோடு வருபவர் கம்பி மோசம் என்று குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் கூடாத எலும்புதான் காரணம். அதனால்தான் டாக்டர்கள் எல்5-எஸ்1 வட்டை எடுத்துவிட்டு எலும்புத்தூள் நிரப்பிய கூண்டை வைப்பதும், சிகரெட்டை விடாமல் அறுவைக்கு வராதே என்று பிடிவாதம் பிடிப்பதும். புகையிலை எலும்பு கூடுவதைத் தடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி பார்த்து, மருந்து கொடுத்து, பிறகு அறுவை செய்வதும் இதே காரணத்துக்குத்தான்.

இடுப்புவரை கட்டுவதா, எல்5-இலோ எஸ்1-இலோ நிறுத்துவதா என்பதே மிகக் கடினமான முடிவு என்று நினைக்கிறேன். பொதுவாக எல்2-க்கு மேலிருந்து திருவெலும்புவரை நீளும் கட்டுக்கு இடுப்புப் பிடிப்பு வேண்டும் என்பார்கள். ஓரிரு வட்டுகளை மட்டும் இணைக்கும் சாதாரண அறுவைக்கு அது தேவையில்லை. எங்கே தேவையில்லையோ அங்கே போடாமல் இருப்பதும் திறமைதான். விலை உண்டு. நாம் நின்றுவிட்டு உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னோக்கி உருளுகிறது, ஏறக்குறைய 20 டிகிரி. தரையில் சம்மணமிடுவதற்கும், இந்திய வகைக் கழிவறையில் குந்துவதற்கும், குனிந்து செருப்பு வாரைப் போடுவதற்கும் அந்த உருளல் வேண்டும். முதுகையும் இடுப்பையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் உருளல் நின்றுவிடும். வேலை முழுவதும் தொடை மூட்டுமேல் விழும். மேசை நாற்காலியில் வாழ்பவருக்கு இது அவ்வளவாகத் தெரியாது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, குந்தி வேலை செய்து பழகியவருக்கு வாழ்க்கையே மாறிவிடும். அறுவைக்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது. பல இடங்களில் எக்ஸ்ரேயைக் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்த உருளல் நின்றதன் விளைவு இன்னொரு அறுவை அறையிலும் தெரியும். இடுப்பெலும்பு பின்னோக்கி உருளும்போது தொடை மூட்டின் கிண்ணம் முன்பக்கமாகத் திறந்து, மடங்கும் தொடைக்கு இடம் விடும். கட்டப்பட்ட இடுப்பில் கிண்ணம் திறக்காது. பத்து வருடம் கழித்து அதே நபருக்குத் தேய்ந்த தொடை மூட்டை மாற்ற நேர்ந்தால், உட்காரும்போது தொடைக் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் இடித்து, புது உருண்டை பின்பக்கமாக நழுவிவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மூட்டு மாற்றும் டாக்டர்கள் இப்போது இவர்களை உட்கார வைத்து ஒன்று, நிற்க வைத்து ஒன்று எனப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து இடுப்பு எவ்வளவு உருளுகிறது என்று அளக்கிறார்கள். பிறகு கிண்ணத்தை வழக்கத்தைவிடச் சில டிகிரி முன்னால் திருப்பி வைக்கிறார்கள், அல்லது உருண்டைக்குள் உருண்டை அசையும் இரட்டைக் கிண்ணத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.